‘கடை கண்டிப்பா ஓடும்ணே’ என்பவரிடம் கேட்க வேண்டியவை

திண்டுக்கல் வட்டாரத்தில் பிஸ்கட், சோப்பு, மசாலா, ஷாம்பு என்று சில கம்பெனிச் சரக்குகளுக்கு ஏஜென்சி எடுத்து நடத்துகிறேன். புதிதாக யார் டிபார்ட்மென்ட் ஸ்டோர் போட்டாலும் திறப்பு விழாவுக்கு முன்பே என்னிடம் வந்துவிடுவார்கள். முதல் சரக்கைக் கடனில் இறக்க வேண்டும், அதற்காகத்தான். கையில் திட்ட அறிக்கை இருக்கும். முத்ரா கடனுக்காக வங்கியில் கொடுத்ததன் நகல். அதில் முதல் வருஷமே லாபம் வந்திருக்கும். நஷ்டம் காட்டிய திட்ட அறிக்கை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

முடங்கினால் முடங்குவது என் பணம் என்பதால் அந்த அறிக்கையைப் படிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். கடை போடப் போகிறவர்களுக்கும், மைத்துனர் கடையில் பங்கு சேரச் சொல்லி நச்சரிக்கப்படுகிறவர்களுக்கும் இது பயன்படலாம்.

கூட்டல் பெருக்கலைச் சரிபார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். அது கம்ப்யூட்டர் போட்டது, சரியாகத்தான் இருக்கும். எழுதாமல் விட்டதைத்தான் தேட வேண்டும். அறிக்கை சொல்வதை ஒரே வாக்கியமாக ஒரு தாளின் மேலே எழுதுங்கள். அதன் கீழே, ‘இது நடக்க வேண்டுமானால் இன்னும் என்னவெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்?’ என்று கேட்டு ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஊரைத் தாண்டி, பழனி சாலையை ஒட்டி ஒரு புது நகர். ‘800 மனை இருக்கு. வீட்டுக்கு மாசம் 5,000 ரூபாய் மளிகை. பாதிப் பேர் நம்மகிட்ட வந்தாலே மாசம் 20 லட்சம்.’ ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் இதற்குள் ஒளிந்திருப்பவை என்னென்ன? 800 மனையிலும் வீடு எழும்பியிருக்க வேண்டும். அந்த வீடுகளில் ஆள் குடியிருக்க வேண்டும். அந்த 5,000த்தையும் அவர்கள் ஒரே கடையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இப்போது வாங்குகிற கடையை விட்டு வர அவர்களால் முடிய வேண்டும். பழைய கடைக்காரர் இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். ஐந்தில் ஒன்று சரிந்தாலும் 20 லட்சம் நிற்காது.

முதல் இரண்டையும் பார்க்க ஒரு காலை நேரம் போதும். மனை விற்றவரிடம் கேட்காதீர்கள். பால் போடுகிறவரிடம் கேளுங்கள். எந்த வீட்டில் எத்தனை பாக்கெட், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த வீட்டுக்காரர் திருப்பூரில் இருந்துகொண்டு மாசம் ஒருமுறை வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். தண்ணீர் கேன் போடும் பையனும் சொல்வான். இரண்டு பேர் சொல்வதும் ஏறக்குறைய ஒத்துப்போனால் அதை நம்பலாம். நம் மாதிரியில் 300 வீடு என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவதுதான் பலர் கோட்டைவிடும் இடம். ஒரு வீட்டின் மளிகைச் செலவு வேறு, உங்கள் கடைக்கு வரப்போகும் செலவு வேறு. அரிசி அட்டைக்கு ரேஷனில் 2011லிருந்து அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சாப்பாட்டு அரிசியை அதில் எடுக்காதவர்கள்கூட இட்லிக்கு ஊறவைக்க எடுப்பார்கள். நல்ல அரிசி வேண்டுமென்றால் சிப்பமாக மண்டியில் வாங்கிப் போடுவார்கள். காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்திலேயே இருக்கும்போது இந்த ஊரில் காயை லாபத்துக்கு விற்பதும் லேசில்லை. எண்ணெயைச் செக்கில் ஆட்டி வாங்குகிற குடும்பங்கள் வேறு. மாசச் சாமான் லிஸ்டை வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது டவுனிலேயே வாங்கி வந்துவிடுவார். இவ்வளவும் கழித்தபின் வாசல் கடைக்கு மிஞ்சுவது பால், பிரட், பிஸ்கட், நூடுல்ஸ், திடீரென்று தீர்ந்துபோன கடுகு. மாசம் 1,500 என்று வைத்தால் அதுவே தாராளம்தான்.

300 வீடு, 1,500 ரூபாய். ஒருவர் விடாமல் அத்தனை வீடும் வந்தால்கூட 4,50,000. இருபது லட்சம் எங்கே, இது எங்கே.

நான்காவதுக்கு வருவோம். ‘நகர் முழுக்கக் கேட்டுட்டேன்ணே, எல்லாரும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க’ என்பார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? பத்திரிகை வைக்க வந்தவரிடம் ‘நான் வரமாட்டேன்’ என்று நம் பக்கத்தில் யாராவது சொல்வார்களா? வரப்போவதைக் கேட்காமல் போன மாசம் நடந்ததைக் கேளுங்கள். ‘போன மாசம் சாமான் எங்கே வாங்கினீங்க? எவ்வளவு ஆச்சு? அங்கே கணக்கு நோட்டு வச்சிருக்கீங்களா?’ இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய கடையில் நாலாயிரம் பாக்கி நிற்கிற குடும்பம் உங்கள் ஏ.சி.யைப் பார்த்து ஆசைப்பட்டாலும் வந்துவிட முடியாது. உங்கள் பையோடு அந்தக் கடை வாசலைத் தாண்டி எப்படி நடப்பார்கள்? ரொக்கம் கையில் இருக்கும் வீடுகள்தான் உங்களுக்கு. அந்த வீடுகளில்தான் கார் இருக்கிறது, கார் இருப்பவர்கள் டவுனுக்குப் போய்விடுவார்கள்.

பழைய கடைக்காரர் சும்மா இருப்பாரா என்றால், மாட்டார். நீங்கள் போர்டு மாட்டிய அன்றே வாட்ஸ்அப்பில் லிஸ்ட் அனுப்பச் சொல்லி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். இடம் அவருடைய சொந்த இடமாக இருந்தால் வாடகையும் கிடையாது; ஒரு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். உங்களால் அப்படி இருக்க முடியுமா என்று பாருங்கள்.

ஆள் நடமாட்டத்தை எண்ணிக் கொண்டு வருகிறவர்கள் ஒரு ரகம். எண்ணுவது நல்ல பழக்கம்தான், எப்போது எண்ணினார்கள் என்பதுதான் விஷயம். தை மாசம் பழனி சாலையில் நின்று எண்ணினால் எந்த இடமும் தங்கச் சுரங்கமாகத் தெரியும். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அவர்களுக்கு வழிநெடுகச் சாப்பாடும் மோரும் தண்ணீர் பாட்டிலும் சும்மாவே கிடைக்கிறது. வாங்கினால் ஒரு குளுக்கோஸ் பாக்கெட், ஒரு வலி மருந்து. பங்குனி உத்திரத்துக்கு இன்னொரு அலை வரும். அதற்கப்புறம் வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அதே இடத்தில் போய் நில்லுங்கள். சாலையின் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் எதிர்ப்பக்கம் போகிறவர்கள் உங்கள் கணக்கில் வரக்கூடாது. கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருப்பது வேறு, பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கிற பக்கம் இருப்பது வேறு.

இதே கோளாறு விற்பனைக் கணக்கிலும் உண்டு. ஆவணியில் திறப்பார்கள், ஆயுத பூஜையும் தீபாவளியும் வரிசையாக வந்து தூக்கிவிடும். அந்த மூன்று மாசத்தை நாலால் பெருக்கி வருஷ விற்பனை என்று எழுதுவார்கள். இல்லையென்றால் சம்பளம் வந்த முதல் பத்து நாளை மூன்றால் பெருக்குவார்கள். கடைசிப் பத்து நாளில் கடையில் ஈ ஓட்டுவது அந்தப் பெருக்கலில் வராது. திறப்பு மாசத்தில் ஒரு ரூபாய்க்குச் சர்க்கரை கொடுத்துச் சேர்த்த கூட்டத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

‘எங்க டவுன் கடை பிரமாதமா போகுது, அதனால இங்கேயும்’ என்பது இன்னொன்று. இதைக் கேட்டால் எனக்குக் கனடா ஞாபகம் வரும். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் பெரிய கடைகள் நடத்தும் டார்கெட் கம்பெனி 2011ல் கனடாவில் ஜெல்லர்ஸ் என்ற பழைய கடைகளின் குத்தகைகளை 180 கோடி கனடா டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தது. எல்லை தாண்டி வந்து தங்கள் கடையில் வாங்குகிற கனடாக்காரர்கள் ஏராளம். வாசலிலேயே கடை திறந்தால் விடுவார்களா என்பது நினைப்பு. 2013 மார்ச்சில் திறக்க ஆரம்பித்து, அந்த வருஷம் முடிவதற்குள் 124 கடை. ஆனால் எல்லை தாண்டிப் போனவர்கள் போனது அமெரிக்க விலைக்கும் அங்கே கிடைத்த சரக்குக்கும். கனடாவில் விலை கூட. புதிதாகப் போட்ட கம்ப்யூட்டர் முறையில் சரக்கு விவரங்கள் தப்பும் தவறுமாக ஏறி, கிடங்கில் சரக்கு குவிந்துகிடக்க, கடையில் அலமாரி காலி. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். சுமார் 17,600 பேருக்கு வேலை போயிற்று. அவ்வளவு பெரிய கம்பெனியும் கடைசியில் ‘அங்கே பிடித்தவர்களுக்கு இங்கேயும் பிடிக்கும்’ என்ற ஒரு வரியைத்தான் சோதிக்காமல் விட்டது.

நம் ஊரில் நான் கேட்பது எளிய கேள்வி: டவுன் கடையில் கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பெரும்பாலும் முதலாளியேதான். பெயர் சொல்லிக் கூப்பிடுவார், இரண்டு ரூபாய் குறைப்பார், எந்தச் சரக்கு காலாவதியாகப் போகிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது கடையில் அந்த நாற்காலியில் யார்? இதற்குப் பதில் வராமல் ஆள் முழித்தால், முதல் கடையின் வெற்றியை நான் சாட்சியாக ஏற்பதில்லை. இரண்டு கடையும் பக்கம் பக்கமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: புதுக் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் பழைய கடையிலிருந்து நகர்ந்தவர்கள்? அது புது வியாபாரம் இல்லை.

இடம் எப்படிக் காலியாயிற்று என்பதை எதிர் டீக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே விசாரித்துவிடலாம். கட்டட உரிமையாளர் ‘அவங்க ஊருக்குப் போய்ட்டாங்க’ என்பார். மாஸ்டர் நிஜத்தைச் சொல்வார்.

இனி லாபக் கணக்கு. விற்பனையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். கம்பெனிச் சரக்கில் கடைக்காரருக்கு நிற்பது பத்து சதவீதம் அக்கம்பக்கம்தான். பாலில் அதைவிடக் குறைவு. சில்லறை எடை போட்டுக் கட்டும் பருப்பு, பொரி, தின்பண்டத்தில் கொஞ்சம் கூட நிற்கும். எல்லாம் கலந்து 12 சதவீதம் என்றால், மேலே வந்த 4,50,000க்கு 54,000. இதில் வாடகை, மின்சாரம், இரண்டு பையன்கள் சம்பளம், ஃப்ரீசருக்கும் ரேக்குக்கும் வாங்கிய கடனின் தவணை. வர்த்தக இணைப்பில் ஏ.சி.யும் ஃப்ரீசரும் ஓட்டினால் பில் எவ்வளவு வரும் என்று ஏற்கெனவே ஓட்டுகிறவரிடம் பில்லையே வாங்கிப் பாருங்கள். அறிக்கைக்காரர்கள் எழுதும் மின்சாரச் செலவு வீட்டுக் கணக்கு.

‘எம்.ஆர்.பி.யில அஞ்சு பர்சென்ட் குறைச்சுக் கொடுத்துப் பிடிச்சிடலாம்ணே’ என்று ஒரு யோசனை எப்போதும் வரும். பத்தில் ஐந்தைக் கொடுத்துவிட்டால் முன்பு கிடைத்த அதே லாபத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சரக்கு விற்க வேண்டும். அந்த இரண்டு மடங்கு ஆட்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

லாபம் வருகிற கடையும் மூடும், கையில் பணம் இல்லாவிட்டால். சென்னையில் 1997ல் தொடங்கி நாடு முழுக்க சுமார் 1,600 கடை வரை வளர்ந்த சுபிக்ஷா என்ற மளிகைக் கடைக் கம்பெனி 2009ல் நின்றுபோனது கூட்டம் வராமல் அல்ல. கடன் வாங்கி வேகவேகமாக விரித்துவிட்டு, சரக்குக்கும் சம்பளத்துக்கும் வாடகைக்கும் பணம் இல்லாமல். அதனால் மாச லாபத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடச் சொல்வேன்: இந்த மாசம் கைக்கு வரும் ரொக்கம், கையை விட்டுப் போகும் ரொக்கம். முதல் ஆறு மாசத்துக்கு அந்தப் பத்தியை என் எதிரிலேயே எழுதச் சொன்னால், பலருக்கு மூன்றாவது மாசத்திலேயே பேனா நின்றுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் சில கடைகள் நிற்கும். நம் மாதிரியிலேயே பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமோ மில்லோ இருந்து, ஷிப்ட் விடும் நேரத்தில் ரொக்க வியாபாரம் நடக்குமானால் கதை வேறு. அதையும் போய் நின்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடை போடுவது என்றே முடிவு செய்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். தினசரி எவ்வளவு விற்றால் கட்டும் என்று ஒரு தொகையும், அதைத் தொட ஒரு தேதியும் திறப்பதற்கு முன்பே எழுதி வீட்டில் இன்னொருவர் கையில் கொடுங்கள். திறந்தபின் எழுதினால் தொகை தானாகவே குறைந்துவிடும். அப்புறம் வாடகை ஒப்பந்தம்: இடையில் காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மாச நோட்டீஸ், ரேக்கைக் கழற்றும்போது சுவரை யார் பூச வேண்டும் என்பதெல்லாம் கையெழுத்துப் போடும் முன்பே அந்தத் தாளில் ஏறியிருக்க வேண்டும்.