எல்லோரும் மந்திரவாதிகளா? முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்த ஒரு செய்முறை விளக்கம்

நான்கு நண்பர்களைச் சேர்த்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்கார்ந்தால், சில சமயம் நான்கு பேருமே மந்திரம்தான் வேண்டும் என்பார்கள். வாளும் கேடயமும் யாருக்கும் பிடிக்காது. "ஒருவராவது போர்வீரராக இருந்தே ஆக வேண்டும்" என்று பழகியவர்கள் சொல்வதுண்டு. அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பிடிக்காத ஒருவர் கையில் வாளைத் திணித்தால், அவர் ஆட்டம் முழுவதும் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருப்பார். மந்திரவாதிகள் மட்டுமே உள்ள குழுவைத் தாராளமாக நடத்தலாம். கையிருப்பில் எத்தனை மந்திரம் மிச்சம், பொழுது எவ்வளவு மிச்சம் என்ற இரண்டு கணக்குகளை மட்டும் நீங்கள் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆட்டத்தை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்டார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். முடிவு சந்தேகமாக இருந்தால் 20 முகப் பகடையை உருட்டி, அதனுடன் பாத்திரத்தின் திறனைக் கூட்டி, குறித்த எண்ணை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அடிப்படை அவ்வளவுதான். இங்கே நான் எடுத்துக்கொள்வது 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளை. அவற்றின் அடிப்படைப் பகுதி 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2024இல் வந்த திருத்தப் பதிப்பில் சில மந்திரங்கள் மாறியிருக்கின்றன. ஒரே மேஜையில் இரண்டையும் கலந்தால் வீண் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

முதல் படி: பாத்திரங்களை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்

எல்லோரும் முதல் நிலையில் தொடங்கட்டும். நம் குழுவில் ஒரு விசார்ட், ஒரு கிளெரிக், ஒரு ட்ரூயிட், ஒரு வார்லாக் என்று வைத்துக்கொள்வோம். விசார்ட் ஏட்டைப் படித்து மந்திரம் கற்றவர். கிளெரிக்குக்குத் தெய்வமும் ட்ரூயிடுக்கு இயற்கையும் சக்தி தருகின்றன. வார்லாக், ஏதோ ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டவர்.

மந்திரத் தேர்வை ஆட்ட நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். புதியவர் ஒருவர் விசார்டின் மந்திரப் பட்டியலைப் பிரித்தால் ஒரு மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு சிறு அட்டை எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் எட்டும், ஆக்ஷனா (தன் முறையில் செய்யும் முக்கியச் செயல்) போனஸ் ஆக்ஷனா (அதற்குமேல் வரும் சிறு செயல்), பகடையை யார் உருட்ட வேண்டும், கான்சன்ட்ரேஷன் (கலையாத கவனம்) தேவையா என்ற நான்கு விவரங்கள் இருந்தால் போதும். சொந்தக் கையால் எழுதிய மந்திரம் மறக்காது.

முன்வரிசையில் யார் நிற்பது என்ற கவலைக்கு விடை கிளெரிக்கிடம் இருக்கிறது. லைஃப் டொமைன் என்ற கிளெரிக் பிரிவை எடுத்தால் அவர் செயின் மெயில் என்ற சங்கிலிக் கவசம் அணியலாம். கேடயமும் சேர்ந்தால் ஆர்மர் கிளாஸ், அதாவது அவரை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண், 18. பல முதல் நிலைப் போர்வீரர்களுக்கும் இவ்வளவுதான் இருக்கும்.

இரண்டாம் படி: ஸ்லாட்டுகளைக் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள்

கான்ட்ரிப் எனப்படும் சின்ன மந்திரங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். பெரிய மந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பெல் ஸ்லாட் செலவாகும். முதல் நிலையில் விசார்ட், கிளெரிக், ட்ரூயிட் மூவருக்கும் தலா 2 ஸ்லாட், வார்லாக்குக்கு 1. ஆக மொத்தக் குழுவுக்கும் 7.

இந்த ஏழையும் காகிதத்தில் எழுதி அழிப்பதைவிட, புளியங்கொட்டைகளாக ஆளுக்கு முன்னால் வைத்துவிடுங்கள். மந்திரம் போட்டால் ஒரு கொட்டை நடுவிலுள்ள கிண்ணத்துக்குப் போகும். அந்தச் சத்தம் கேட்டதுமே மேஜையில் எல்லோருக்கும் சிக்கனம் வந்துவிடும். "உன்னிடம் எத்தனை இருக்கிறது? நீ போடு, நான் வைத்துக்கொள்கிறேன்" என்ற பேரம் தானாகவே தொடங்கும். மந்திரவாதிக் குழுவின் சுவையே அந்தப் பேரத்தில்தான் இருக்கிறது.

விசார்ட் ஆடுபவர் மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரத்தைப் பற்றி நிச்சயம் கேட்பார். அது 8 மணி நேரம் நிற்கும். டெக்ஸ்டெரிட்டி எனும் சுறுசுறுப்புக்கான கூட்டெண் (திறனுக்காகக் கூட்டும் எண்) 2 இருந்தால் ஆர்மர் கிளாஸ் 12லிருந்து 15 ஆகும். கோப்ளின் என்ற குட்டி அரக்கனுடைய தாக்குதல் கூட்டெண் 4. ஆகவே அது விசார்டை அடிக்கும் வாய்ப்பு 65 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைகிறது. ஆனால் விலை, அவரது அன்றைய கையிருப்பில் சரிபாதி. போடலாமா வேண்டாமா என்று நீங்கள் சொல்லாதீர்கள். கணக்கை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பகடை யார் கையில்?

புதியவர்கள் அதிகமாகக் குழம்பும் இடம் இது. சில மந்திரங்களுக்குப் போடுபவர் உருட்டுவார். உதாரணம் ஃபயர் போல்ட்: விசார்ட் 20 முகப் பகடையுடன் 5 கூட்டி, எதிரியின் ஆர்மர் கிளாஸை எட்டினால் அடி விழும். வேறு சில மந்திரங்களுக்கு எதிரி உருட்டித் தப்பிக்கப் பார்ப்பார். இதுதான் சேவிங் த்ரோ. கிளெரிக்கின் சேக்ரட் ஃபிளேம் இந்த வகை. எதிரி எட்ட வேண்டிய எண், 8உடன் புரஃபிஷியன்ஸி எனும் தேர்ச்சிக் கூட்டெண்ணையும் மந்திரத் திறனின் கூட்டெண்ணையும் சேர்த்தால் வருவது. முதல் நிலையில் 8, 2, 3 சேர்ந்து 13. மூன்றாவது வகைக்கு இரு பக்கமும் அந்தப் பகடை தேவையில்லை. மேஜிக் மிஸைலின் மூன்று அம்புகளும் தவறாமல் தைக்கும்; சேதத்துக்கு மட்டும் உருட்டினால் போதும்.

அட்டையில் 'நான்', 'எதிரி', 'யாருமில்லை' என்று எழுதிவிட்டால் ஆட்டத்தின் நடுவே புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்காது.

நான்காம் படி: கதைக்கு ஒரு கெடு வையுங்கள்

8 மணி நேர நீண்ட ஓய்வு எடுத்தால் எல்லா ஸ்லாட்டுகளும் திரும்பிவிடும். கெடு இல்லாத கதையில் மந்திரவாதிகள் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் போர்வையை விரித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, விதி அப்படி. எனவே தூங்க முடியாத கதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இதோ ஒன்று. கடற்கரைக் கிராமத்தின் கலங்கரை விளக்கம் இன்று எரியவில்லை. கோப்ளின்கள் உள்ளே புகுந்து எண்ணெய்ப் பீப்பாய்களைப் பிடித்துவைத்திருக்கின்றன. 2 மணி நேரத்தில் கப்பல் ஒன்று வருகிறது. விளக்கு எரியாவிட்டால் பாறையில் மோதும்.

ஒரு தாளில் 12 கட்டங்கள் வரையுங்கள். ஒரு கட்டம் 10 நிமிடம். கிராமத்திலிருந்து கோபுரத்துக்கு நடக்க 2 கட்டம். ஒரு தளத்தைத் தேட 1. மாயம் எங்கே இருக்கிறது என்றறிய டிடெக்ட் மேஜிக்கைச் சடங்காகச் செய்தால் ஸ்லாட் செலவில்லை, ஆனால் 10 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், அதற்கு 1. சிறு ஓய்வு 1 மணி நேரம், அதாவது 6 கட்டம். சிறு ஓய்வில் வார்லாக்கின் ஸ்லாட் திரும்புகிறது. விசார்டும் நாளுக்கு ஒருமுறை ஒரு ஸ்லாட்டை மீட்டுக்கொள்வார். மற்ற இருவருக்கும் ஸ்லாட் எதுவும் திரும்பாது. அரைவாசிப் பொழுதைக் கொடுத்து இரண்டு மந்திரங்களை வாங்கலாமா? இந்தக் கேள்வியை மேஜையில் போட்டுவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கலாம், விவாதம் சீக்கிரம் முடியாது.

ஐந்தாம் படி: கீழ்த்தளச் சண்டை

மூன்று கோப்ளின்கள் போதும். முதல் நிலை நால்வருக்கு விதிநூலின் கணக்குப்படி இதுவே கடினமான சண்டை. நான்காவதைச் சேர்த்தால் உயிருக்கு ஆபத்து என்ற வகைக்குப் போய்விடும். கான்ஸ்டிடியூஷன் எனும் உடல்வலுக் கூட்டெண் 2 உள்ள விசார்டுக்கு 8 உயிர்ப் புள்ளிகள்; அடிபட அடிபட இவை குறையும். கோப்ளினின் ஒரு சாதாரண அடி அதிகபட்சம் 8. ஒரே அடியில் அவர் தரையில் கிடக்கக்கூடும்.

மூன்று கோப்ளின்களையும் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். காரணம் ஸ்லீப் மந்திரம்: பகடைகளின் கூட்டுத்தொகைக்குள் எத்தனை எதிரிகளின் உயிர்ப் புள்ளிகள் அடங்குமோ, அத்தனை பேரும் தூங்கிவிடுவார்கள். விசார்ட் 8 முகப் பகடை ஐந்தை உருட்டுகிறார்: 3, 6, 2, 7, 4. கூட்டினால் 22. ஒரு கோப்ளினுக்கு 7 உயிர்ப் புள்ளி, மூன்றுக்கும் 21. சண்டை முடிந்தது! இது அதிர்ஷ்டமும் அல்ல, ஐந்து பகடைகளின் சராசரியே 22.5. ஸ்லீப் எட்டுவது 20 அடி ஆரத்துக்குள் மட்டும் என்பதால், இரண்டைப் பீப்பாய்களுக்கு அருகிலும் ஒன்றைச் சுழல் படிக்கட்டின் மேல்வளைவிலும் வையுங்கள். கீழே இரண்டும் சரிந்து விழும். மூன்றாவது ஓடிவந்து, தன் ஆக்ஷனைச் செலவழித்து ஒன்றை உலுக்கி எழுப்பும். இப்போது விசார்டுக்குத் தன் மந்திரம் பலித்த பெருமை. மற்ற மூவருக்கும் வேலை.

ஆட்டக்காரர்கள் எப்படியோ மூன்றையும் ஒரே வட்டத்துக்குள் இழுத்துவிட்டால்? தூங்கவிடுங்கள். "இந்தக் கோப்ளின்களுக்கு ஸ்லீப் வேலை செய்யாது" என்று அந்த நொடியில் விதி உண்டாக்கும் டன்ஜன் மாஸ்டரோடு யாரும் இரண்டாம் முறை ஆட வரமாட்டார்கள். அவர்கள் ஒரு கொட்டையைக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குரியது கிடைக்கட்டும்.

பீப்பாய்களைச் சும்மா வைக்கச் சொல்லவில்லை. ஃபயர் போல்ட், யாரும் கையில் வைத்திருக்காத, தீப்பற்றக்கூடிய பொருளைக் கொளுத்தும். விசார்ட் குறி பார்க்கும்போது, "பின்னால் இருப்பது விளக்குக்கான எண்ணெய்" என்று நினைவூட்டுங்கள். தெரிந்தே கொளுத்தினால் எரியட்டும். அடுத்த நிமிடம் யாரோ ஒருவர், "கோபுரமே பற்றி எரிந்தால் கப்பலுக்குத் தெரியாதா?" என்று கேட்பார். தெரியும் என்று சொல்லுங்கள். கிராமத்தார் பிறகு என்ன சொல்வார்கள் என்பது அடுத்த வாரக் கதை.

ஆறாம் படி: கான்சன்ட்ரேஷன்

சில மந்திரங்கள் போட்டவரின் கவனம் கலையாதவரைதான் நிற்கும். கிளெரிக்கின் பிளெஸ், ட்ரூயிடின் என்டாங்கிள், வார்லாக்கின் ஹெக்ஸ் மூன்றும் அப்படி. ஒருவர் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைக்க முடியும். இரண்டாவதைப் போட்டால் முதலாவது போய்விடும். அடி வாங்கினால் கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ: 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இரண்டில் பெரியதை எட்ட வேண்டும்.

எல்லோரும் மந்திரவாதிகள் என்பதால் இது அடிக்கடி வரும், எல்லோரும் மறப்பார்கள், நீங்களும்தான். பிடித்துவைத்திருப்பவர் முன்னால் ஒரு சிவப்பு மூடியை வையுங்கள். அவருக்கு அடி விழுந்ததும் கண் தானாக மூடியின் மேல் போகும். புத்தியுள்ள எதிரிகள் அந்த ஆளையே குறிவைக்கலாம். கோப்ளின்களுக்கு அவ்வளவு புத்தி உண்டு.

ஏழாம் படி: மேல்தளத்தில் வேறு மாதிரி எதிரி

விளக்கறையில் இரண்டு எலும்புக்கூடுகள். இறந்தவை என்பதால் ஸ்லீப் இவற்றிடம் பலிக்காது. இது ஏமாற்று இல்லை, மந்திரத்தின் விவரத்திலேயே எழுதியிருக்கிறது. படியேறும்போதே எலும்பு உரசும் ஒலியை விவரித்துவிட்டால், கீழே பலித்த தந்திரத்தை நம்பி யாரும் ஸ்லாட்டை வீணாக்கமாட்டார்கள்.

இங்கே ட்ரூயிடுக்கு ஒரு வாய்ப்பு. நசுக்கும் ஆயுதங்கள் எலும்புக்கூட்டுக்கு இரட்டிப்புச் சேதம் தரும். ஷிலேலா என்ற கான்ட்ரிப்பால் அவரது கைத்தடி, 8 முகப் பகடையுடன் 3 கூட்டிய சேதத்தைத் தரும். பகடையில் 4 விழுந்தாலே 7, இரட்டிப்பாகி 14. எலும்புக்கூட்டின் 13 உயிர்ப் புள்ளிகளும் காலி. ஒரு கொட்டைகூடச் செலவில்லை. இதைத் தயவுசெய்து நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்! முதல் அடி விழுந்ததும் "எலும்பு நொறுங்கித் தெறிக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள், ட்ரூயிட் புரிந்துகொள்வார்.

யாராவது 0 புள்ளிக்கு விழுந்தால் பதற வேண்டாம். தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்டுவார்; 10ம் அதற்கு மேலும் வெற்றி. மூன்று வெற்றிக்கு உயிர் தங்கும், மூன்று தோல்விக்கு இறப்பு. கிளெரிக்கிடம் ஹீலிங் வேர்டு என்ற குணப்படுத்தும் மந்திரம் இருந்தால் 60 அடி தொலைவிலிருந்தே போனஸ் ஆக்ஷனில் எழுப்பிவிடலாம், ஆனால் அதே முறையில் ஆக்ஷனாக அவர் போடக்கூடிய மந்திரம் கான்ட்ரிப் மட்டுமே. கடைசிக் கொட்டை தீர்ந்தபின் ஒருவர் விழுந்தால் மேஜை அப்படியே அமைதியாகிவிடும். அந்த நேரத்தில் விதிநூலைப் புரட்டாமல் இருக்க இந்தப் பத்தியை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: முடித்தபின்

விளக்கு எரிந்ததும் கட்டங்களை எண்ணுங்கள். மிச்சமிருந்தால் கப்பல் பத்திரமாகக் கரை சேர்கிறது. தீர்ந்துபோயிருந்தால் பாறையில் உரசிய கப்பலிலிருந்து மாலுமிகளை மீட்கும் காட்சி ஒன்றை வையுங்கள். எண்ணெய் தீர்ந்த, ஸ்லாட் தீர்ந்த மந்திரவாதிகள் கயிறோடு படகில் ஏறட்டும்.

அனுபவப் புள்ளிக் கணக்கில் தலையைக் கொடுக்க வேண்டாம். கோப்ளின், எலும்புக்கூடு எதுவானாலும் தலைக்கு 50. மொத்தம் 250ஐ நால்வருக்குப் பிரித்தால் இரண்டாம் நிலைக்குத் தேவையான 300க்குப் பக்கத்திலேயே வராது. கதை முடிந்தது என்பதற்காகவே நிலையை உயர்த்திவிடுங்கள், இதுவும் விதிநூல் அனுமதிக்கும் வழிதான். ஆனால் அடுத்த கதையை எழுதுமுன் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாம் நிலையில் ட்ரூயிட் விலங்காக உருமாறுவார். கிளெரிக் இறந்தவற்றை விரட்டியடிப்பார். விசார்ட், கிளெரிக், ட்ரூயிட் மூவர் முன்னாலும் தலா 3 கொட்டைகள், வார்லாக் முன்னால் 2. எலும்புக்கூடுகளை மட்டும் நம்பி அடுத்த வாரம் போகாதீர்கள்.