ஜாகுவார் ஈ-டைப்பா, பழைய போர்ஷே 911ஆ? கலெக்‌ஷனுக்கு வாங்கறவங்க பாக்க வேண்டியது

ரெண்டும் அறுபதுகள்ல வந்தது, ரெண்டுலயும் ஆறு சிலிண்டர், ஆனா செக் பண்ற விதம் வேற வேற. ஒண்ணு மட்டும் பொது: எஞ்சின் சத்தத்துல மயங்காதீங்க, எஞ்சினைப் பிரிச்சு சரி பண்ணிடலாம், துரு அரிச்ச பாடியை மீட்கறதுதான் பணத்தை முழுங்கும், அதனால முதல்ல வண்டிக்கு அடியில பாருங்க.

ஈ-டைப்புல முன்னாடி எஞ்சினைத் தாங்கறது குழாய் ஃப்ரேம், அது உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்கும், வெளில பெயின்ட் பளபளன்னு இருக்கும், அதனால அந்த நீள பானெட்டை முழுசா திறக்கச் சொல்லி குழாய் சேர்ற இடமெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. கதவுக்குக் கீழ நீளமா ஓடற பட்டி (சில்), தரைத் தகடு ரெண்டும் அடுத்தது. பின் பிரேக் டிஸ்க் சக்கரத்துல இல்ல, உள்ள டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு சக்தியைப் பிரிச்சுக் குடுக்கற கியர் பெட்டி) பக்கத்துல இருக்கு, வேலை கஷ்டம்ங்கறதால தள்ளிப்போட்டிருப்பாங்க, பழைய பில்லுல அந்த வேலை நடந்திருக்கான்னு தேடுங்க. 1961ல வந்த 3.8 லிட்டர் அழகுதான், ஆனா ஃபர்ஸ்ட் கியருக்கு சின்க்ரோ, அதாவது கியர் உரசாம விழ உதவற அமைப்பு, கிடையாது. ஓட்டவும் ஆசை இருந்தா 1964 கடைசில வந்த 4.2 தான் என் சாய்ஸ்.

911ல டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலா வேலை செய்யற முறுக்குக் கம்பி) இருக்கற குழாய், பேட்டரி வைக்கற இடம், முன் சஸ்பென்ஷனைச் சுத்தி உள்ள தகடு, இங்கதான் துரு வரும். பாடி முழுக்க கால்வனைஸ் பண்ண, அதாவது துரு வராம துத்தநாகப் பூச்சு போட, ஆரம்பிச்சதே 1976 மாடல்லதான். ஆயில் லெவல் எஞ்சின் நல்லா சூடாகி ஐடிலிங்ல ஓடும்போது பாக்கணும், ஆறிப்போன வண்டில பாத்தா தப்பா காட்டும். ஸ்டார்ட் பண்ணதும் எஞ்சின் உள்ள இருக்கற செயின் கடகடன்னா அதை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் போயிருக்கலாம். 1969 மாடல்ல வீல்பேஸை (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) 57 மி.மீ. நீட்டினாங்க, அதுக்கு முந்தின வண்டில வளைவு நடுவுல ஆக்ஸிலரேட்டரை சட்டுனு விட்டா பின்பக்கம் சுத்திடும், புதுசா ஓட்டறவங்க ஜாக்கிரதை.

நம்பர் விஷயத்துல விட்டுக்கொடுக்காதீங்க. சேசிஸ், எஞ்சின் நம்பரை ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் ட்ரஸ்ட் தர்ற சர்டிஃபிகேட்டோட ஒத்துப் பாருங்க. போர்ஷேல 1973 கரேரா ஆர்எஸ் 2.7னு யாராவது காட்டினா ரெண்டு மடங்கு கவனம், மொத்தமே 1,580தான் செஞ்சாங்க, சாதா 911ல பின்னாடி வாத்து வால் மாதிரி தூக்கி நிக்கற டக்டெயில் ஸ்பாய்லர் மாட்டி ஆர்எஸ் மாதிரி மாத்தின வண்டிங்க எக்கச்சக்கம்.

அடிக்கடி ஓட்டணும்னா நான் 911 தான் சொல்வேன், 1969க்கு அப்புறம் வந்ததா பாருங்க. பாத்துக்கிட்டே இருக்கத் தோணுதுன்னா ஈ-டைப் கூபே (கூரை வெச்சது), திறந்த ரோட்ஸ்டரைவிட விலையும் பொதுவா கம்மி. உயரமான ஆளா இருந்தா மட்டும் பேரம் பேசறதுக்கு முன்னாடி உள்ள உக்காந்து பாத்துடுங்க.