முழங்கால் மேன்முறையீடு: ‘ஓம், சுகம்’ என்று சொல்லாதீர்கள்

வெள்ளவத்தையில் எங்கள் அத்தானுக்கு மூன்றாம் மாடியில் வீடு. லிப்ட் வேலை செய்யாத நாளில் அவர் கீழே இறங்கமாட்டார். கூடையைக் கயிற்றில் கட்டி மீன்காரருக்கு இறக்கிவிடுவார். அமெரிக்க இராணுவத்தில் எட்டு வருடம் லொறி ஓட்டியவர். பின்தட்டிலிருந்து குதித்துக் குதித்தே வலது முழங்கால் போனது. ஆனால் அங்கே மகள் வீட்டில் நின்றபோது அந்தக் காலுக்கான இழப்பீட்டுக்காக நடந்த பரிசோதனையில், “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டதும் அவர் வாயில் வந்தது “குட், தாங்க் யூ.” அறிக்கையில் அது ‘இன்று வலி எதுவும் சொல்லவில்லை’ என்று ஏறிவிட்டது.

சுகமா என்று கேட்டால் ஓம் என்பது நமக்கு மரியாதை. அமெரிக்க முன்னாள் படைவீரர் திணைக்களத்துக்கு, எல்லோரும் சொல்வதுபோல் சொன்னால் வீ.ஏக்கு, அது சாட்சியம். அங்கே சேவை செய்துவிட்டுக் கொழும்புக்கு வந்து குடியிருப்பவர்கள் சிலரின் பைல்களை அத்தானால் நானும் பார்க்க நேர்ந்தது. பல பைல்களும் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கின்றன.

இழப்பீடு, கெட்டதற்கு வீ.ஏ போடுகிற சதவீதத்தைப் பொறுத்தது. முழங்காலை வீ.ஏ பாகையில் அளக்கிறது. நல்ல கால் 140 பாகை மடங்கும். மடக்கம் 45 பாகையோடு நின்றால் 10 சதவீதம், 30 பாகையோடு நின்றால் 20, 15 என்றால் 30. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், கதிரையில் உட்காரவே 90 பாகை வேண்டும். அதற்கு மேல் மடக்க முடியாமல் கோயிலில் சம்மணம் கட்டாமலும் குந்தாமலும் வருடக்கணக்காக இருப்பவருக்கும் இந்த அட்டவணையில் பூச்சியம்தான். அவரைக் காப்பாற்றுவது இன்னொரு விதி: அசைக்கும்போது வலிக்கிற மூட்டுக்குக் குறைந்தது 10 சதவீதமாவது கொடுக்கவேண்டும். ஆகவே பரிசோதகர் மடக்கச் சொன்னதும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை மடக்கிக் காட்டாதீர்கள். வலி தொடங்குகிற இடத்திலேயே “இங்கே நோகுது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நடிக்கவும் வேண்டாம், நீங்கள் வாசலில் நடந்து வருவதையே அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்றைக்குக் கால் நன்றாக இருந்தால்? வலி கூடும் நாட்களில் எவ்வளவு அசைவு குறைகிறது என்று, அன்று வலி கூடியிருக்காவிட்டாலும், உங்கள் வாய்மொழியையும் வைத்துப் பரிசோதகர் மதிப்பிட முயலவேண்டும் என்று 2017இல் ஷார்ப் என்பவரின் வழக்கில் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வாய்மொழியே இல்லாவிட்டால் அவர் எதை வைத்து மதிப்பிடுவார்? அத்தான் இப்போது சமையலறைக் கலண்டரில் குறித்துவைக்கிறார்: எந்த நாள் வீங்கியது, எத்தனை மணி நேரம், என்ன குளிசை போட்டார். அதை எழுதிக்கொடுக்கும்போது அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதவேண்டும். ‘100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறமுடியாது’ என்றால் அமெரிக்காவில் யாருக்கு விளங்கும்? முழங்கால் உயரப் படியில் கைபிடி இல்லாமல் ஏறமுடியாது என்று எழுதுங்கள்.

பரிசோதனை அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிக்காதது அடுத்த தவறு. தானாக அசைத்தும், பிறர் அசைத்தும், பாரம் தாங்கியும், தாங்காமலும் சோதித்து, முடிந்தால் மற்றக் காலோடும் ஒப்பிடவேண்டும் என்பது கொறேயா (Correia) என்பவரின் வழக்கில் 2016இல் வந்த தீர்ப்பு. இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தால் உங்கள் மேன்முறையீட்டுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

டொக்டரின் கடிதம். இங்கே கேட்டால் ‘இரண்டு முழங்காலிலும் மூட்டுவாதம், ஓய்வு தேவை’ என்று இரண்டு வரி தருவார்கள். காலில் நோய் இருப்பதை வீ.ஏ பெரும்பாலும் மறுப்பதில்லை. சேவையோடு அதற்கு என்ன தொடர்பு என்றுதான் கேட்கிறது. படைக்கால மருத்துவப் பதிவுகளை டொக்டர் படித்ததாகவும், சேவையால் வந்திருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு இருப்பதாகவும், ஏன் அப்படி நினைக்கிறார் என்றும் எழுதவேண்டும். அந்த ‘ஏன்’ இல்லாத கடிதத்துக்குப் பெரிய மதிப்பில்லை.

சரி, மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. 2019 பெப்ரவரியிலிருந்து மூன்று வழிகள் இருக்கின்றன. கையில் புதிய ஆதாரம் இருந்தால் துணை விண்ணப்பம். பழைய பைலையே இன்னொரு மூத்த அதிகாரி பார்த்தால் போதும் என்றால் உயர்மட்ட மீளாய்வு. மூன்றாவது, மேன்முறையீட்டுச் சபை. புதிதாக வாங்கிய டொக்டர் கடிதத்தை வைத்துக்கொண்டு மீளாய்வு கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்த வழியில் புதிய ஆதாரத்தை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். காலக்கெடு ஒரு வருடம், அதுவும் கடிதத்தில் போட்ட திகதியிலிருந்து. தபால் கொழும்புக்குப் பிந்தி வந்தது உங்கள் பாடு. வருடம் கடந்தபின்னும் துணை விண்ணப்பம் போடலாம், ஆனால் பழைய திகதியிலிருந்து வரவேண்டிய நிலுவைப் பணம் பெரும்பாலும் போய்விடும்.

மடக்கத்துக்குக் கிடைத்தது போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தசைநார் கிழிந்து முழங்கால் தளம்பினால் அதற்குத் தனி மதிப்பீடு உண்டு. 2021இல் மாறிய விதிப்படி, பட்டியோ ஊன்றுகோலோ மருத்துவர் எழுதித் தந்ததாக இருந்தால்தான் 10க்கு மேலே போகும். காலி வீதிப் பார்மசியில் நீங்களாகவே வாங்கி மாட்டிய பட்டி கணக்கில் வராது. வலதுகாலைக் காப்பாற்றப் போய் இடதுகால் கெட்டிருந்தால் அதையும் வலதின் விளைவாகக் கேட்கலாம். ஆனால் 20உம் 10உம் அவர்கள் கூட்டுகிற முறையில் 28தான். இரண்டு கால்களும் என்றால் அந்த 28இல் பத்தில் ஒரு பங்கு மேலதிகமாகச் சேரும்.

முதல் விண்ணப்பத்துக்கே காசு கேட்பவரை நம்பாதீர்கள், அமெரிக்கச் சட்டப்படி அது கூடாது. அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கங்கள் இலவசமாகவே செய்துதருகின்றன. மறுப்பு வந்தபின் சட்டத்தரணி கட்டணம் வாங்கலாம். நிலுவைப் பணத்தில் 20 சதவீதம்வரை நியாயம் என்று கொள்ளப்படும்.

கடைசியாகச் சத்திரசிகிச்சை. சேவையால் கெட்டதென்று ஏற்கப்பட்ட முழங்காலை முழுதாக மாற்றிவைத்தால், ஆரம்ப ஓய்வு மாதத்துக்குப் பிறகு நான்கு மாதம் 100 சதவீதம், அதன்பின் எப்போதும் குறைந்தது 30. இங்கேயே செய்துகொண்டாலும் இது பொருந்தும். ஆஸ்பத்திரிப் பதிவுகளோடு உடனே விண்ணப்பிக்கவேண்டும். அத்தான் இன்னும் சம்மதிக்கவில்லை. அக்கா கேட்கும்போதெல்லாம், “இப்ப பரவாயில்லை” என்கிறார்.