ஏடிஹெச்டி பிள்ளையின் தட்டில் கை வைக்கும் முன்

ஜூனில் பெங்களூர் பள்ளிகள் திறந்து கொஞ்ச நாளில், ஏடிஹெச்டி (கவனம் நிற்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை) என்று புதிதாகத் தெரியவந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் என்னிடம் வர ஆரம்பித்துவிடுவார்கள். போனில் யாரோ அனுப்பிய ஓர் உணவுப் பட்டியல் இருக்கும். வேலைக்குப் புதிதாக வரும் டயட்டீஷியன்களும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதிக் கொடுக்கிறார்கள். சிப்ஸ், கோலா வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். அடிக்கடி நடக்கும் தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது

எனக்கு இன்றுவரை ஆத்திரம் வருவது இதில்தான். பானஸ்வாடியிலிருந்து ஓர் அம்மா ஒன்பது வயதுப் பையனோடு வந்தார். "மேடம், பால், கோதுமை, முட்டை, சர்க்கரை எல்லாம் நிறுத்தி நாலு மாசம் ஆச்சு. கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கான்" என்றார். பையனைப் பார்த்தேன். இடுப்பில் நிற்காத டிரவுசரை ஊக்கு குத்தி இறுக்கியிருந்தார்கள். அவர் அடக்கம் என்று நினைத்தது வெறும் சோர்வு. அவன் ஏற்கெனவே ஏடிஹெச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சாப்பிடுகிறவன். அந்த மருந்து பலருக்குப் பசியைக் குறைக்கும், அதனால் மதியம் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும், பசிக்கிற காலையிலும் ராத்திரியிலும் தட்டில் பாலும் இல்லை முட்டையும் இல்லை சப்பாத்தியும் இல்லை என்றால் எடை எங்கிருந்து ஏறும்? பட்டியல் கொடுத்தவர் என்ன மாத்திரை என்று கேட்கவில்லை, எடையும் பார்க்கவில்லை.

உணவை விலக்கிப் பார்க்கும் முறை பொய் என்று சொல்ல வரவில்லை. 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வில், 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து வாரம் மிகச் சில உணவுகளை மட்டுமே கொடுத்தார்கள், பலரிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் தங்கள் பிள்ளைக்கு எந்த உணவு என்று பெற்றோருக்குத் தெரியும், மாற்றத்தை எதிர்பார்த்தே பார்ப்பார்கள், அதனால் அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதைவிட முக்கியம், அங்கே ஐந்து வாரத்துக்குப் பிறகு உணவுகளைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். நம் ஊரில் அந்தப் பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாலைந்து பொருளைச் சேர்த்து நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கவே இல்லை என்றால், எது ஒத்துக்கொள்ளவில்லை, எதுவுமே காரணமில்லையா என்பது கடைசி வரை தெரியாது.

ஏதாவது ஓர் உணவு மேல் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் முதலில் சாப்பாடு, நடத்தை இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். தொடர்பு தெரிந்தால் டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் காட்டிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் சில வாரம் நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பாருங்கள். மருந்து சாப்பிடும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்க்கச் சொல்கிறது பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். அந்தப் பையனுக்கு நாங்கள் முதலில் செய்தது பாலையும் முட்டையையும் திரும்பக் கொண்டுவந்ததுதான்.

வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்து வேனில் ஏற்றுவது

முதலில் சாப்பாடு, அப்புறம் மாத்திரை. நெய் விட்ட ராகி தோசை, வேர்க்கடலைச் சட்னி, ஒரு முட்டை, இவ்வளவு உள்ளே போனால் போதும். மதியச் சாப்பாட்டுக்காகப் பிள்ளையோடு மல்லுக்கட்ட வேண்டாம். சாயங்காலம் மருந்தின் வேகம் குறையும்போது பசி வரும், அந்த நேரத்தில் பிஸ்கட்டைக் கொடுத்து வயிற்றை அடைக்காமல் ஒழுங்கான சாப்பாடு போடுங்கள்.

சர்க்கரைதான் காரணம் என்பது

1994இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று அம்மாக்களிடம் சொன்னார்கள். கொடுத்தது சர்க்கரையே இல்லாத அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு. அந்த அம்மாக்கள் பிள்ளை கூடுதலாகத் துறுதுறுவென்று இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வருடம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் சர்க்கரையால் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை. பல்லுக்காகவும் எடைக்காகவும் குறையுங்கள், சரி. ஆனால் பர்த்டே கேக் சாப்பிட்ட பிள்ளையைக் குற்றவாளி மாதிரி நடத்தாதீர்கள்.

கலரைக் கண்டுகொள்ளாமல் விடுவது

இதில் விஷயம் இருக்கிறது. செயற்கை நிறங்களுக்கும் பிள்ளைகளின் துறுதுறுப்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்த 2007 பிரிட்டன் சவுத்தாம்டன் ஆய்வுக்குப் பிறகு, ஆறு செயற்கை நிறங்கள் சேர்த்த உணவுகளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது. பாதிப்பு சிறியதுதான், எல்லாப் பிள்ளைக்கும் வராது. பாக்கெட்டில் அந்த ஆறில் நான்கின் எண்களான 102, 110, 122, 124 இருக்கிறதா பாருங்கள். இவற்றை விட்டால் சத்து எதுவும் குறையாது.

பரிசோதிக்காமல் இரும்பு டானிக்

உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னால் மட்டும்.

மீன் எண்ணெய் மாத்திரை

பலன் கொஞ்சம்தான். மருந்துக்கு மாற்று கிடையாது.

சாப்பாடு மாறியதும் மருந்தை விடுவது

இது பிள்ளைகளைப் பற்றியது இல்லை, மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் பெரியவர்கள் இதைச் செய்கிறார்கள். காய்கறி, பருப்பு, முழுதானியம், மீன் என்று மாறியபோது மனச்சோர்வு குறைந்ததாக 2017இல் ஆஸ்திரேலியாவின் ஸ்மைல்ஸ் ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் 67 பேர் கொண்ட அந்தச் சிறிய ஆய்வில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ கவுன்சலிங்கோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். தானாக நிறுத்திவிட்டு முருங்கைக்கீரையை நம்பி உட்காராதீர்கள், குறைக்க வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.

சாயங்கால ஃபில்டர் காபி

தூக்கம் கெடும், மறுநாள் கவனமும் கெடும். மெத்தில்ஃபெனிடேட் எடுப்பவர்களுக்குப் படபடப்பும் சேர்ந்துகொள்ளலாம். மதியத்துக்கு மேல் வேண்டாம்.