உளவளத்துணையில் கடவுளைப் பற்றிக் கதைப்பது எப்படி?

முதல் சந்திப்பில் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி இது: "மனம் தாங்கேலாத நேரத்தில என்ன செய்வீங்கள்?" நல்லூர் வாசலில் போய் நிற்பேன் என்பார் ஒருவர், செபமாலை சொல்வேன் என்பார் இன்னொருவர். "முந்திக் கும்பிட்டனான், இப்ப விட்டிட்டன்" என்று பதில் வந்தால், அதைக் கொப்பியில் குறித்துவைத்து ஆறுதலாகப் பிறகு கேட்பேன்.

தளர்வுப் பயிற்சியில் தொடங்குவது எளிது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் அவரவர் சமயத்துச் சொல்லையே இதற்குப் பயன்படுத்தினார். மூச்சை மெதுவாக விடும்போது சைவர் "ஓம்" என்றும் முஸ்லிம்கள் "சுபஹானல்லாஹ்" என்றும் சொல்லலாம். ஆனால் சொல்லைத் தெரிவு செய்ய வேண்டியவர் வந்தவர்தான். தொடக்கத்தில் நான் ஒரு தாய்க்கு முருகன் பெயரை எடுத்துக் கொடுத்தேன். "அந்தப் பேர் வேண்டாம் பிள்ளை, அவரிட்டைத்தான் என்ரை மகனைப் பொறுப்புக் குடுத்தனான்" என்றார். அம்மாளாச்சி என்ற பெயரைப் பிறகு அவரே தேடி எடுத்தார்.

"கடவுள் தண்டிச்சுப்போட்டார்" என்று அழுபவரிடம் சமய வாதம் செய்யாதீர்கள். 1960களில் உளமருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய அறிகைச் சிகிச்சை, அதாவது மனதில் எழும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் முறை, இங்கே உதவும். நடந்தது என்ன, மனம் சொன்னது என்ன என்று தனித்தனியாக எழுதவையுங்கள். அப்புறம், "பக்கத்து வீட்டுக்காரிக்கு இது நடந்திருந்தால் அவவுக்கும் இப்பிடிச் சொல்லுவீங்களோ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கடவுள் மீதான பயத்துக்கு அடியில் குற்றவுணர்வு கிடக்கும். தீர்க்காத நேர்த்திதான் உறுத்துகிறது என்றால், அதைத் தீர்க்க நாள் குறிப்பதும் சிகிச்சையில் சேரும்.

எனக்கு மிகக் கடினமானது காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு இருப்பது. செத்த வீடு என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கீரிமலை என்று துக்கத்துக்கு ஒரு பாதை உண்டு. இவர்களுக்கு அது இல்லை. குடும்பச் சிகிச்சை ஆய்வாளர் போலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார். மாமியார் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிக்கச் சொல்வார். மருமகள் குங்குமத்தை அழிக்க மாட்டாள். யாரையும் "முடிச்சுவிடுங்கோ" என்று தள்ளாதீர்கள். இருவரையும் முதலில் தனித்தனியே கேளுங்கள். "இருக்கிறார், இல்லை" என்ற இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு இன்றைக்குச் சமைக்க, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப எப்படி முடியும் என்பதையே கதையுங்கள். படத்துக்கு மாலையா, வெறும் விளக்கா என்பது அவர்கள் முடிவு. ஒருவர் மகனின் பிறந்தநாளில் அன்னதானம் கொடுக்கத் தொடங்கினார். அதற்கு உயிரோடு இருக்கிறாரா என்ற பதில் தேவைப்படவில்லை.

கயிறு விரித்து, நல்ல நினைவுக்குப் பூவும் கொடிய நினைவுக்குக் கல்லும் வைத்து வாழ்க்கைக் கதை சொல்லவைக்கும் முறையைப் பயிற்சி பெறாமல் தொடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு, ஒரு பகுதியினருக்கு இந்த முறையும் மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுமாக ஆறு அமர்வுகள் நடத்திப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்திலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள்.

ஐயரோ பாதரோ வேண்டும் என்று கேட்டால், வந்தவரின் சம்மதத்தோடு மட்டும் அவர்களோடு கதையுங்கள். செய்வினை என்று நூல் கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல்லாதீர்கள். மருந்தை அவர் நிறுத்திவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். இருந்தால் அன்றைக்கே உளமருத்துவப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐ வீட்டுக்காரரின் போனிலும் பதிந்து கொடுங்கள்.