ஆள் குடியிருக்கும் அடுக்குமாடியில் மராமத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் பழைய அடுக்குமாடிகளில் மராமத்து ஓயாது. பூச்சு பெயர்ந்து கம்பி தெரியும், மொட்டை மாடி ஒழுகும், வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். காலி மனையில் கட்டும்போது தகரம் அடித்து வெளியாளை நிறுத்திவிடலாம். இங்கே அது நடக்காது. பால் வாங்க இறங்கும் பாட்டி, ஸ்கூல் வேனுக்கு ஓடும் பிள்ளை, டெலிவரி பையன் எல்லோரும் சாரத்துக்கு அடியில்தான் போய்வர வேண்டும். இவர்களை மறந்துவிட்டு, வேலையாளுக்கு ஹெல்மெட் கொடுத்ததோடு பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

வேலை தொடங்கும் முன்பே, வீட்டு வாசலிலிருந்து கேட் வரை ஆள் நடக்கும் வழியை முடிவு செய்யுங்கள். அந்த வழிக்கு மேலே சாரம் வந்தால், பலகையோ தகரமோ போட்டுக் கூரை அமைக்க வேண்டும். வலை மட்டும் போதாது. மூன்றாவது மாடியிலிருந்து விழும் காரைத் துண்டை வலை தாங்காது.

சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி இன்னொரு தொல்லை. கலவைக்குத் தண்ணீர் எடுக்க மூடியைத் திறப்பார்கள். ஹோஸ் உள்ளே கிடப்பதால் திரும்ப மூட முடியாது. ஒரு சிமென்ட் சாக்கையோ பிளைவுட் துண்டையோ மேலே போட்டுவிட்டுப் போவார்கள். திறந்து கிடக்கும் குழியைவிட இது மோசம். குழி தெரிந்தால் பிள்ளை ஒதுங்கும். சாக்கைத் தரை என்று நினைத்துக் கால் வைக்கும். வேலைக்குத் தனி டிரம் வைத்து, குழாயில் நிரப்பிக் கொடுத்தால் மூடியைத் தொடவே வேண்டாம். சம்புக்குள்ளேயே பூச்சு வேலை என்றால், காற்றோட்டம் இல்லாமலும் மேலே ஒருவர் நிற்காமலும் யாரையும் இறக்காதீர்கள். மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது.

கார் நிறுத்துமிடத்தில் தூணையும் உத்தரத்தையும் சரிசெய்யும்போது ஜாக்கி வைத்து முட்டு கொடுப்பார்கள். "ரெண்டே ரெண்டு ஜாக்கியைக் கொஞ்சம் தள்ளி வைங்க, வண்டி எடுக்கணும்" என்று யாராவது வந்து நிற்பார். மேஸ்திரியும் மனம் இளகித் தள்ளி வைப்பார். இதற்கு யார் கேட்டாலும் இடம் கொடுக்கக் கூடாது. வேலை முடியும்வரை வண்டிகள் தெருவில் நிற்கட்டும். ரிவர்ஸ் எடுக்கும் கார் லேசாக இடித்தாலே முட்டு நழுவிவிடும்.

அப்புறம் தீ. 2025 நவம்பர் 26 அன்று ஹாங்காங்கின் வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் நடந்ததை அசோசியேஷன் ஆட்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 8 கட்டடங்கள், மராமத்துக்காகச் சுற்றிலும் மூங்கில் சாரம், வலை, உள்ளே ஆயிரக்கணக்கானோர் குடியிருந்தார்கள். ஜன்னல்களை நுரைப் பலகையால் மூடியிருந்தார்கள். தீ சாரத்தைப் பிடித்து ஏறியது. நுரைப் பலகை எரிந்து கண்ணாடி உடைந்து வீட்டுக்குள் புகுந்தது. 7 கட்டடங்களுக்குப் பரவி, 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை மணிகள் சரியாக வேலை செய்யவில்லை. சோதித்த வலைகளில் சில, தீயைத் தாங்கும் தரத்தில் இல்லை.

நம் கட்டடங்கள் அவ்வளவு உயரமில்லை, சரி. ஆனால் மலிவான பச்சை வலையும் தெர்மகோலும் இங்கேயும் உண்டு. வலைக்குத் தீத்தடுப்புச் சான்று கேளுங்கள். கட்டடத்தை விட்டுத் தள்ளி, ஒரு சின்னத் துண்டைக் கொளுத்திப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக உருகி எரிந்தால் திருப்பி அனுப்புங்கள். ஜன்னலை வேலை நடக்கும் பக்கத்தில், வேலை நடக்கும் நாளில் மட்டும் மூடுங்கள். சாரத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. மணலும் ஜல்லியும் கேட்டை மறித்துக் கிடந்தால் தீயணைப்பு வண்டி தெருவிலேயே நிற்க வேண்டியதுதான்.

படிக்கட்டு பிளக்கில் ஒயரின் முனையைச் செருகி, தீக்குச்சியால் இறுக்கி கட்டிங் மெஷின் ஓட்டுவதை இன்னும் பார்க்கிறோம். வேலைக்கென்று, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி பொருத்திய தனி போர்டு கொடுங்கள்.

குடியிருப்பவர்கள் செய்வதையும் சொல்ல வேண்டும். துணி காயப்போடச் சாரக் கயிற்றை அவிழ்க்கிறார்கள். தொங்கிக்கொண்டு வேலை செய்பவரிடம், "தம்பி, அப்படியே அந்த ஏசி பைப்பையும் பாத்துடேன்" என்கிறார்கள். அவர் எட்டிப் பார்க்கும் அந்த ஒரு அடியில்தான் ஆபத்து. சாயங்காலம் வேலை முடிந்ததும் கீழ் ஏணியைக் கழற்றி வைக்காவிட்டால், பிள்ளைகள் ஏறாமல் இருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் காசு பிடிக்கும் விஷயம். ஆனால் கொட்டேஷனில் சதுர அடி ரேட் மட்டும்தான் இருக்கும். யார் குறைவாகக் கேட்டாரோ அவருக்கே வேலை போகும். அவர் முதலில் குறைப்பது இந்தச் செலவைத்தான். நடைபாதைக் கூரை, தரமான வலை, தனி போர்டு, பகல் முழுக்கக் கீழே நிற்கும் ஒரு ஆள் ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதி, எல்லா கான்ட்ராக்டரிடமும் அதற்குத் தனி ரேட் வாங்குங்கள். பேரம் பேசும்போது அந்த வரிகளில் கை வைக்காதீர்கள்.