சந்தேகம் வரும்போது விசுவாசிகள் செய்யும் தவறுகள்

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வரும். சுகம் பெற்றவர், வேலை கிடைத்தவர், மகளுக்கு வரன் அமைந்தவர் எல்லாரும் எழுந்து ஸ்தோத்திரம் சொல்வார்கள். "எவ்வளவோ ஜெபித்துவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை, கேட்கிறவர் ஒருவர் இருக்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்ல அங்கே யாரும் எழுவதில்லை. அதனால் அப்படி நினைக்கிறவர், இந்தச் சபையில் தனக்கு மட்டும்தான் இது என்று முடிவுகட்டி வாயை மூடிக்கொள்கிறார். தவறுகளில் இதுதான் பெரியது. அப்புறமும் அவர் பாடுகிறார், காணிக்கை போடுகிறார், பாடகர் குழுவில் நிற்கிறார். ஒருநாள் வருவதை நிறுத்திவிடுகிறார். "திடீரென்று என்ன ஆச்சு?" என்று வீட்டார் கேட்கிறார்கள். திடீரென்று எதுவும் ஆகவில்லை.

இயேசுவின் சீஷரான தோமாவைப் பற்றிய பிரசங்கங்கள் பெரும்பாலும் அவருடைய அவிசுவாசத்தோடு நின்றுவிடுகின்றன. யோவான் 20-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைக் காணாமல் விசுவாசிக்க மாட்டேன் என்று மற்ற சீஷர்களின் முகத்துக்கு நேரே சொல்கிறார். எட்டு நாள் கழித்தும் அவர்களோடுதான் இருக்கிறார். அவர்கள் அவரைத் தள்ளவில்லை, அவரும் விலகிப் போகவில்லை. அதனால்தான் இயேசு வந்தபோது அவர் அந்த வீட்டுக்குள் இருந்தார். பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்று நம் மரபு சொல்வதும் இதே தோமாவைத்தான். முழுச் சபைக்கும் சொல்ல வேண்டியதில்லை. பதறாமல் கேட்கக்கூடிய ஒருவர் போதும், அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சொன்னவுடன் சிலர் யாக்கோபு 1:6-ஐ எடுத்து நீட்டுவார்கள்: சந்தேகப்படுகிறவன் காற்றில் அலைகிற கடலலை. "இது பிசாசின் வேலை, உபவாசம் இரு" என்பார்கள். உபவாசம் நல்லதுதான். ஆனால் அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தை ஏன் விட்டுவிடுகிறோம்? ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கட்டும், அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர் என்கிறது அது. தேவனே கடிந்துகொள்ளாத இடத்தில் நாம் கடிந்துகொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்கு 9-ல் பிள்ளையின் சுகத்துக்காக இயேசுவிடம் வந்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்தினான். அரைகுறை விசுவாசம் என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை சுகமானான்.

நம் சபைகளில் அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று இருக்கிறது. புத்தாண்டு ஆராதனையில், அந்த வருஷத்துக்கு தேவன் தரும் வாக்கு என்று ஒரு வாக்குத்தத்த வசன அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்துவிட்டால் வீடே சந்தோஷப்படும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதை அந்த வருஷத்தின் வேலைக்கும் கல்யாணத்துக்கும் உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறோம். டிசம்பர் வந்து ஒன்றும் நடக்காவிட்டால், கடவுள் பொய் சொல்லிவிட்டார் என்று தோன்றும். முந்தின வசனத்தில் என்ன இருக்கிறது? பாபிலோனில் எழுபது வருஷம். சிறைப்பட்டுப் போன ஒரு ஜனத்துக்கு எழுதிய கடிதம் அது. வாசித்தவர்களில் பலர் திரும்பிப் போவதைப் பார்க்காமலே செத்திருப்பார்கள். அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அட்டையில் ஒரு வசனம் வந்தால் அந்த அதிகாரம் முழுவதையும் அன்றைக்கே வாசித்துவிடுங்கள். தேவன் சொல்லாத ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டு, பிறகு அவர்மேலேயே சந்தேகப்படுவது எத்தனையோ பேருக்கு நடக்கிறது.

எல்லாச் சந்தேகமும் ஒரே ரகமும் இல்லை. ஆதியாகமமும் பரிணாமமும் எப்படிப் பொருந்தும் என்று கேட்கிற மாணவனுக்குப் படிப்பு வேண்டும். "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று ஓய்வுநாள் பள்ளியில் அடக்கினால் அவன் வேறெங்காவது போய்க் கேட்பான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் "கடவுள் எங்கே?" என்று கேட்பது வேறு. அங்கே விளக்கம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள். வாய்திறந்து விளக்கத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. கடைசியில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் வந்தது, புலம்பின யோபுவின்மேல் அல்ல. துக்க வீட்டில் "எல்லாம் தேவசித்தம்" என்று சொல்லும் முன் இதை யோசியுங்கள்.

சில சமயம் உடம்புதான் காரணம். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்தான், இரண்டு தடவை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. நள்ளிரவில் யூடியூபில் விவாத வீடியோக்களை வரிசையாகப் பார்த்துவிட்டு விடிவதற்குள் ஒரு முடிவுக்கு வருவதையும் விடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. கல்லூரிக்குப் போன பிள்ளை "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்று சொன்னால், உடனே போதகரைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொல்லாதீர்கள். சபையார் என்ன நினைப்பார்கள் என்றும் பேசாதீர்கள். எதிலிருந்து தொடங்கியது என்று கேட்டு, அவன் முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லி, சேர்ந்து படிக்கலாமா என்று கேளுங்கள். குடும்ப ஜெபத்தை எப்போதும்போல் நடத்துங்கள். அவன் வந்து உட்கார்ந்தால் சரி, உட்காராவிட்டால் அதற்காக அன்றைக்கே சண்டை வேண்டாம்.